ஊன ஓய்வூதியம் மறுக்கப்பட்டால்

புனேயிலுள்ள செயற்கை உறுப்பு மையம் 1944-ஆம் ஆண்டு முதல் படைவீரர்களுக்குச் செயற்கைக் கால்களையும் கைகளையும் பொருத்தி வருகின்றது. அருகே கட்கியில், தண்டுவடம் முறிந்த வீரர்களுக்கான மறுவாழ்வு மையம் 1974-இல் நிறுவப்பெற்றது. போரில் துண்டிக்கப்பட்ட காலுக்குக் காரணம் கேட்பார் இல்லை. அமைதிக் காலத்தில் வந்த இரத்த அழுத்தமும் நீரிழிவும் மனநோயுமே வழக்கிற்கு இடமாகின்றன. மருத்துவக் குழு தன் அறிக்கையில், இந்நோய் படைப்பணியால் விளைந்ததுமன்று, மிகுந்ததுமன்று என ஒரு வரி எழுதிவிட்டால் ஊனத்திற்குரிய தொகை கிடைக்காது.

இழப்பு சிறிதன்று. 2023 செப்டம்பர் 21-க்கு முன் விலகியோருக்குரிய விதிகளின்படி, முழு ஊனத்திற்குக் கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. 20 விழுக்காட்டு ஊனத்திற்கு 6. நோயால் விலக்கப்பட்டவருக்கு 50-க்குக் குறைந்த ஊனம் 50 எனவே கொள்ளப்படுவதால், அத்தொகை 15 விழுக்காடாக உயரும். பணிக்காலம் முடித்து ஓய்வுபெற்றோருக்கும் இச்சலுகை உண்டென உச்சநீதிமன்றம் 2014-இல் தீர்ப்பளித்தது. பின்னர் விலகியோருக்குப் புதிய விதிகள் பொருந்தும். ஆகவே விலகிய நாளையே முதலில் நோக்குதல் வேண்டும்.

மறுப்பாணை கிடைத்த ஆறு மாதங்களுக்குள் முதல் மேல்முறையீட்டுக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். அடுத்தது இரண்டாம் குழு. பொதுவாக அதன் பின்னரே, 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த ஆயுதப் படைகள் தீர்ப்பாயத்தை அணுகலாம். புனேவாசிகளுக்கு மும்பை அமர்வு. இறுதி ஆணைக்குப் பின் அங்கும் ஆறு மாதமே கெடு. ஆறு மாதமாகியும் மேல்முறையீட்டுக்கு விடை வராவிட்டால், விடைக்காகக் காத்திராமல் செல்லலாம்.

வறுமையை விரித்துரைக்கும் முறையீட்டால் பயன் குறைவு. படையில் சேர்ந்த நாளின் மருத்துவக் குறிப்பே வலிய சான்று. அதில் நோய் எதுவும் குறிக்கப்படவில்லையெனில், அவர் நலமுடன் சேர்ந்தார் என்றே கொள்ளவேண்டும், மாறாக மெய்ப்பிக்கும் பொறுப்பு அரசினுடையது என, 1982-ஆம் ஆண்டு விதிகளை ஆராய்ந்து தரம்வீர் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் 2013-இல் கூறியது. சேரும்போது நோயைக் கண்டறிய இயலாமற் போனதற்கான காரணத்தை மருத்துவக் குழு எழுதியாக வேண்டும். எழுதாத அறிக்கை நிலைப்பதரிது. எனவே அறிக்கையின் படியையும், பனிமலை, எல்லைப்புறம் முதலிய இடங்களில் ஆற்றிய பணியின் விவரத்தையும் முன்னதாகவே பெற்று இணைத்தல் நலம்.

வேலை செய்யும் ஆற்றலை இழந்தவருக்கு, ஊன விழுக்காடு குறைவாயினும் முழு ஊனத்திற்குரிய தொகையளிக்கும் ஏற்பாடு அமெரிக்காவில் உண்டு. நம் நாட்டில் அத்தகைய தனி உதவி இல்லை. முழு ஊனமுற்று, பிறர் துணையின்றி இயங்க இயலாதவர் என மருத்துவக் குழு சான்றளித்தவருக்குத் துணையாள் படி கிடைக்கும். அது இழந்த வேலைக்கு ஈடாகாது. அதற்குக் கட்கியில் வேறொரு வழி காணப்பட்டது. 1917-இல் தோன்றிய குவீன் மேரி தொழில்நுட்பக் கழகம், ஊனமுற்ற வீரர்களுக்குத் தொழில் கற்பித்து வருகின்றது.