சண்டையில் தொடங்கிக் காதலில் முடியும்

28 வருடமாக ப்ரூஃப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. ஒற்று, காற்புள்ளி, கால், கொம்பு எல்லாம் அதனதன் இடத்தில் இருக்கிறதா என்று பிறர் எழுத்தில் தேடுகிற வேலை. “அர்த்தத்துக்குள்ள போயிடாதீங்க, எழுத்தை மட்டும் பாருங்க” என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்தார்கள். கதை சுவாரஸ்யமாக இருந்தால் பிழை கண்ணில் படாது. இதே புத்திமதியை இன்னொரு முறை கேட்டது மின்சார ரயிலில்.

தாம்பரத்தில் ஏறினால் எதிர் சீட்டில் ஒரு பெரியவர் இருப்பார். ‘ஹிந்து’வை நாலாக மடித்துத் தொடையில் வைத்துக்கொண்டு, பேனாவைத் திறக்காமலே பல்லாவரம் வரை குறுக்கெழுத்துக் கட்டங்களை முறைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் துணிந்து கேட்டேன். “இது என்ன பூன்னு சொல்லுங்க தம்பி. லண்டன் ஃப்ளவர், ஆறெழுத்து” என்றார். எனக்குத் தெரிந்த ஆங்கிலப் பூக்களையெல்லாம் விரல் விட்டு எண்ணினேன். ஒன்றும் பொருந்தவில்லை.

“பூவே இல்லை தம்பி. ‘ஃப்ளோ’ன்னா ஓடறது. அப்ப ஓடற வஸ்து ‘ஃப்ளவர்’தானே? லண்டன்ல என்ன ஓடுது? தேம்ஸ்.” கொஞ்சம் நிறுத்தி, “எழுத்தும் ஆறு, விடையும் ஆறு” என்று தமிழில் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தார். மாம்பலம் போனதே எனக்குத் தெரியவில்லை.

சாதாரணக் குறுக்கெழுத்தில் ‘யானையின் வேறு பெயர்’ என்று கேட்பார்கள். தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் விட்டுவிடலாம். இந்த ஜாதி வேறு. இதில் ஒவ்வொரு குறிப்புக்குள்ளும் இரண்டு குறிப்புகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்று விடையின் நேர்ப்பொருள். அது வாக்கியத்தின் தொடக்கத்திலோ முடிவிலோதான் இருக்கும், நடுவில் வராது. மிச்சம் இருப்பது விடையின் எழுத்துகளைக் கட்டுகிற வித்தை. இரண்டையும் தையல் தெரியாமல் ஒட்டி, மூன்றாவதாக ஏதோ ஒரு கதை சொல்வதுபோல் காட்டுவதில்தான் புதிர் அமைப்பவரின் கெட்டிக்காரத்தனம். அந்தக் கதையை நம்பினால் போச்சு.

1913 டிசம்பரில் ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் பத்திரிகை ஒன்றில் முதல் குறுக்கெழுத்தைப் போட்டார். அதைக் கோணல் புத்தியோடு முறுக்கிவிட்டது இங்கிலாந்து. 1926 முதல் ‘அப்ஸர்வர்’ பத்திரிகையில் புதிர் போட்ட எட்வர்ட் மேத்தர்ஸ், ஸ்பெயினில் மதவிசாரணை என்ற பெயரில் ஜனங்களை வதைத்த டார்க்கமாடாவின் பெயரைப் புனைபெயராக வைத்துக்கொண்டார். அவருக்குப் பின் வந்தவரும் இன்னொரு விசாரணை அதிகாரியின் பெயரில் ஸிமினிஸ் ஆனார். 1972-இல் அந்த இடத்துக்கு வந்தவர் ‘டெஸா’ என்ற விசாரணை அதிகாரியின் பெயரை ஆங்கில எழுத்தில் திருப்பிப் போட்டு ‘அஸெட்’ ஆனார். வாசகரை வதைக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. ‘ஹிந்து’வுக்குப் புதிர் அமைத்தவர்களில் ஒருவர் ராம் தாஸ் கடாரி. 1958-இல் இந்தியக் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர். கப்பல் ஓட்டியவர் கட்டம் போட்டதில் ஆச்சரியமில்லை என்பார் பெரியவர்.

என் ஆங்கிலம் மூன்று விடைகளோடு நின்றுவிடும். அதனால் தமிழில் செய்து பார்க்க ஆரம்பித்தேன். முதலில் உருப்படியாக வந்தது இது:

சண்டையில் தொடங்கிக் காதலில் முடியும் அடுக்களை வேலை (4)

அடைப்புக்குள் இருப்பது விடையின் எழுத்துக்கணக்கு. எங்கள் வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டேன். என் மைத்துனர் ‘தாளிப்பு’ என்றார். எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிப்பதை அவர் சண்டையாக எடுத்துக்கொண்டார். அதாவது கதையை நம்பிவிட்டார். அர்த்தத்தை ஒதுக்கிவிட்டு எழுத்தைப் பாருங்கள். ‘சண்டை’ எதில் தொடங்குகிறது? ‘ச’வில். அதற்குப் பிறகு காதல் வேண்டும், மூன்றெழுத்தில். மோகம் சரிவராது. மையல்? ‘ச’வோடு ‘மையல்’ சேர்ந்தால் சமையல். கடைசியில் நிற்கும் ‘அடுக்களை வேலை’ நேர்ப்பொருள். குறிப்பில் ஒரு சொல்கூட உபரி கிடையாது. என் மனைவி அரை நிமிடத்தில் சொல்லிவிட்டாள். “இதுல என்ன புதிர் இருக்கு, தினமும் நடக்கறதுதானே” என்றாள்.

‘தாமரை’யையும் இப்படிப் பிரிக்கலாம். கொடு என்றால் தா. மரை ஒரு வகை மான். ‘கொடு மான், கிடைக்கும் பூ’ என்று போட்டேன். ஆனால் மரை என்றால் திருகாணியின் சுற்றும்தான். அதனால் ‘மரை கழன்ற பூ கையேந்துகிறது (1)’ என்று இன்னொன்றும் கிடைத்தது. தாமரையில் மரை கழன்றால் ‘தா’தானே மிச்சம்?

தமிழில் இதற்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து. ‘கி’ வரவேண்டிய இடத்தில் ‘க’ வந்தால் ஆகாது. இருப்பது 247 எழுத்து என்பதால், குறுக்கே போகும் சொல்லும் கீழே இறங்கும் சொல்லும் ஒரே உயிர்மெய்யில் சந்திப்பது அபூர்வம். கறுப்புச் சதுரங்கள் அதிகமாகிவிடுகின்றன. எழுத்துகளைக் கலைத்துப் போடும் குறிப்புகளில் விடை சுலபமாகக் கசிந்துவிடும். புள்ளி வைத்த எழுத்து சொல்லுக்கு முதலில் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். கலைந்த எழுத்துகளில் ‘ம்’ கண்ணில் பட்டால் அதைக் கடைசிக் கட்டத்தில் போட்டுப் பாருங்கள். பத்துக்கு எட்டுத் தடவை உட்கார்ந்துவிடும்.

அடுத்தது என் மானம் போன கதை. சொல்லைப் பக்கத்துப் பக்கத்துச் சொற்களுக்குள் ஒளித்து வைக்கும் வகை ஒன்று உண்டு. பெருமையாக இதைப் போட்டேன்:

அழுக்கு திரைச்சீலைக்குள் ஒளிந்திருக்கும் பரி (3)

‘அழுக்கு திரைச்சீலை’யை வரிசையாக எழுத்துக்கூட்டினால் நடுவில் குதிரை நிற்கும். பெங்களூரிலிருந்து மகள் கூப்பிட்டாள். “அப்பா, குதிரை கிடைச்சிடுச்சு. ஆனா ‘அழுக்குத் திரைச்சீலை’ன்னுதானே வரணும்? ‘த்’ எங்கப்பா போச்சு?”

வன்தொடர்க் குற்றியலுகரம், வலி மிகும். ஊரார் புத்தகத்திலெல்லாம் நான் சிவப்பு மையால் போட்ட ஒற்று அது. போட்டால் ‘குத்திரை’ ஆகிவிடும். அப்படி ஒரு பிராணி இல்லை. இரண்டு சாயங்காலம் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் கைகொடுத்தது காற்புள்ளி. அங்கே வாக்கியம் மூச்சு விடுவதால் சந்தி எட்டிப்பார்க்காது:

ஏற்று விளக்கு, திரையை விலக்கு, உள்ளே நிற்கும் பரி (3)

‘ஏற்று’வும் ‘விலக்கு’ம் வேலையில்லாமல் நிற்கின்றன என்று, உபரிச் சொல்லே கூடாதென்னும் ஸிமினிஸ் கட்சிக்காரர்கள் குறை சொல்வார்கள். சொல்லட்டும்.

குதிரையை ஒளித்த அதே வாரம் தண்டியலங்காரத்தின் சொல்லணிப் பகுதியைப் புரட்டினேன். ஒரு செய்யுளுக்குள் இன்னொன்றை மறைப்பதற்குக் கரந்துறைச் செய்யுள் என்று பெயர். பல கேள்விகளின் விடைகளைச் சேர்த்து ஒரே சொல்லாக்குவது வினாவுத்தரம். ஒரு சொல்லில் எழுத்து எழுத்தாக நீக்கிக்கொண்டே புதுப்புதுப் பொருள் காட்டுவது அக்கரச் சுதகம். எல்லாம் நம்மிடமே இருந்தது என்று மார்தட்ட எனக்கு ஆசையில்லை. கட்டமும் கறுப்புச் சதுரமும் மேற்கிலிருந்து வந்தவைதான். ஆனால் மரை கழன்ற தாமரைக்கு இலக்கணத்தில் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தபோது பெரியவரிடம் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அவர் இப்போது ரயிலில் வருவதில்லை.

போன வாரம் மகள் தானே ஒன்று கட்டி அனுப்பினாள். “இது உங்களுக்கு மட்டும், குழுவில் போடாதீங்க” என்று கூடவே ஒரு வரி.

தவறோடு தலைபோன உப்பு, அப்பா வயிறு வளர்ப்பது இதில் (4)

சைதாப்பேட்டையில் பிரித்துப் படித்தேன். பரங்கிமலையில் விடை கிடைத்தது. அந்தச் சொல்லை இந்தக் கட்டுரையின் முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன்.