பழைய வண்டியின் பழுதுற்ற வெப்ப சென்சார்

மனிதன் மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐம்பொறிகளின் வாயிலாகவே உலகை அறிகின்றான். அவற்றுள் ஒன்று பழுதுபடின், அவனது அறிவு எத்துணைக் கூரியதாயினும் முடிவு பிழைபடவே செய்யும். இக்காலத்து மோட்டார் வண்டியின் நிலையும் இத்தகையதே. அதன் எந்திரத்தை ஆளும் சிறு கணிப்பொறி தானாக எதையும் காண்பதில்லை; சென்சார் என வழங்கும் உணர்கருவிகள் கூறுவதை நம்பியே பெட்ரோலை அளந்து விடுகின்றது. அவற்றுள் ஒன்றாகிய எந்திர வெப்ப சென்சார் பழுதுறுங்கால் அதனைக் கண்டறிந்து மாற்றும் முறையை ஈண்டு ஆராய்வோம்.

நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 கார் கார்புரேட்டர் உடையதாயிருந்தது. 2000-ஆம் ஆண்டு முதல் புகைவிதிகள் படிப்படியாகக் கடுமையாயின. 2017 ஏப்ரலில் நான்காம் நிலையும், 2020 ஏப்ரலில் ஆறாம் நிலையும் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தன. பெட்ரோலைத் துல்லியமாக அளந்து செலுத்தினாலன்றி இவ்விதிகளுக்கு அடங்குதல் அரிது. ஆதலின் கார்புரேட்டர் மறைந்து, கணிப்பொறியும் சென்சார்களும் அதனிடத்தைப் பெற்றன. அம்மாறுதலின் தொடக்கக் காலத்து வண்டிகளே இன்று பழைய வண்டிகளாக நம்மிடையே ஓடுகின்றன.

ஓசூருக்கு வடகிழக்கே, கர்நாடக எல்லையை ஒட்டி, மாலூர் செல்லும் சாலையில் அமைந்தது பாகலூர். ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்து, 1980-இல் அசோக் லேலண்ட் ஆலையும் தொடங்கியபின், இவ்வட்டாரம் எந்திரத் தொழிலுக்குப் பெயர்பெற்றது. எனினும் ரோஜாவும் தக்காளியும் முட்டைக்கோசும் விளையும் வேளாண் பூமியாகவும் இஃது இருந்துவருகின்றது. கடல்மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயர்ந்த இம்மேட்டுநிலத்தில் மார்கழி, தை மாதங்களின் விடியற்காலை நன்கு குளிரும். பறித்த பூ சந்தை நேரம் தவறின் விலை இழக்கும். அவ்வேளையில் பழைய பெட்ரோல் வான் ஒன்று கிளம்ப மறுப்பின், அன்றைய வருவாயே கேள்விக்குரியதாகும். ஆகவே இச்சிறு கருவி ஒரு குடும்பத்தின் பிழைப்போடு தொடர்புடையது என்பதை மறத்தலாகாது.

இனி அதன் இயல்பைக் காண்போம். உலோகக் கம்பி சூடேறின் அதன் மின்தடை மிகும். ஆனால் சில பொருள்களில் சூடு ஏற ஏறத் தடை குறைகின்றது. வெள்ளி சல்பைடில் இவ்வியல்பை மைக்கேல் பாரடே என்னும் ஆங்கிலேய அறிஞர் 1833-இல் கண்டறிந்தார். அவ்வியல்புடைய ஒரு சிறு மணியே பித்தளைக் கூட்டினுள் அடங்கி, எந்திரத்தைச் சுற்றியோடும் கூலன்ட் நீரில் அமிழ்ந்து நிற்கின்றது. பல வண்டிகளில் அதன் தடை 20 பாகை உஷ்ணத்தில் 2,000 முதல் 3,000 ஓம் வரையிலும், 80 பாகையில் சுமார் 300 ஓமாகவும் இருக்கும். திட்டமான அளவை அவ்வவ் வண்டிக்குரிய கைந்நூலிற் காண்க. கணிப்பொறி, தன்னகத்துள்ள நிலையான தடை ஒன்றின் வழியே 5 வோல்ட் மின்னழுத்தத்தை அனுப்பி, கம்பியில் நிற்கும் வோல்ட்டைக் கொண்டு உஷ்ணத்தைக் கணிக்கின்றது. குளிர்ந்த எந்திரத்தில் பெட்ரோல் நன்கு ஆவியாகாது. ஆதலின் அந்நிலையில் மிகுதியாகவும், சூடேறியபின் அளவாகவும் பெட்ரோலைச் செலுத்துகின்றது.

இச்சென்சார் மூவகையாகக் கெடும். உள்ளே அறுந்துபோயின் 5 வோல்ட்டும் அப்படியே நிற்க, கணிப்பொறி அதனைப் பூச்சியத்திற்குக் கீழ் 40 பாகை போன்ற கடுங்குளிராகக் கொள்ளும். பெட்ரோல் மிகுதியாகிக் கரும்புகை எழும். உள்ளே இணைந்துபோயின் அளவற்ற சூடெனக் கொள்ளும். குளிர்ந்த காலையில் வேண்டிய பெட்ரோல் கிடையாது எந்திரம் கிளம்பாது. இவ்விரு மிகைகளையும் பல கணிப்பொறிகள் உணர்ந்து, எச்சரிக்கை விளக்கை ஏற்றி, ரேடியேட்டர் விசிறியை இடைவிடாது சுழற்றும். மூன்றாவது வகையோ வஞ்சகமானது: சென்சார் சற்றே பிசகிய, ஆயினும் நம்பத்தக்க அளவைக் கூறிக்கொண்டிருக்கும், விளக்கும் எரியாது, குறியும் பதியாது.

பொதுக் குறிமுறை அமைந்த வண்டியில் ஸ்கேனரைப் பூட்டினால் பி 0117 அல்லது பி 0118 என்னும் குறி தோன்றலாம். முன்னது வோல்ட் மிகத் தாழ்ந்ததையும், பின்னது மிக உயர்ந்ததையும் குறிக்கும். பலர் இக்குறியைக் கண்டவுடன் புதிய சென்சார் வாங்க விரைகின்றனர். ஆனால் குறி குற்றஞ்சாட்டுவது சென்சாரை மட்டுமன்று. சென்சார், கனெக்டர், வயர், கணிப்பொறி ஆகிய நான்கும் சேர்ந்த மின்சுற்று முழுவதையுமே. குற்றச்சாட்டைத் தீர்ப்பென்று கொள்வது அறிவுடைமையாகாது.

சோதிக்கும் முறை இது. இரவு முழுவதும் நின்று ஆறிய வண்டியில், ஸ்கேனர் காட்டும் கூலன்ட் உஷ்ணமும் உட்செல்லும் காற்றின் உஷ்ணமும் ஏறக்குறைய ஒன்றாயிருத்தல் வேண்டும். பெரிதும் வேறுபடின் இரண்டில் ஒன்று பொய் கூறுகின்றது. அடுத்து, சாவியை அணைத்து, சென்சாரின் கனெக்டரைக் கழற்றிப் பச்சைக் களிம்போ ஈரமோ உளதா எனப் பார்க்கவேண்டும். பின்னர்ச் சாவியை மட்டும் திருப்பி, எந்திரத்தை ஓட்டாமல், கனெக்டரின் இரு வயர்களுக்கிடையே மல்டிமீட்டரால் அளந்தால் சுமார் 5 வோல்ட் தோன்றவேண்டும். தோன்றாவிடின் பழுது வயரிலோ அதற்கப்பாலோ உள்ளது. புதிய சென்சாரால் பயனில்லை. தோன்றின், சென்சாரின் தடையை ஆறிய நிலையில் ஒருமுறையும், கழற்றி வெந்நீரில் அமிழ்த்தி மற்றொருமுறையும் அளந்து கைந்நூலோடு ஒப்பிடுக. ஒவ்வாதாயின் அதுவே குற்றவாளி.

இன்னும் ஓர் எச்சரிக்கை உண்டு. தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கிக்கொள்ளின் எந்திரம் மெய்யாகவே சூடேறாது. அப்போது சென்சார் உண்மையே உரைக்கும். அதனைப் பொய்யனெனத் தள்ளுதல் அநீதியன்றோ? சில வண்டிகளில் டாஷ்போர்டு முள்ளுக்கென வேறொரு சென்சார் இருத்தலுமுண்டு. எது எதற்குரியது எனத் தெளிந்தபின்னரே கை வைத்தல் நன்று.

கழற்றுமுன் எந்திரம் முற்றும் ஆறவேண்டும். அழுத்தத்தினுள் அடைபட்ட கூலன்ட், சாதாரண நீர் கொதிக்கும் நிலைக்கு மேலும் சூடேறியிருக்கும். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறப்பின் அது பீறிட்டு முகத்தையும் கையையும் வெந்துபோகச் செய்யும். பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, கூலன்டைச் சிறிது வடித்து, ஸ்பானரால் பழையதை மெல்லத் திருகி எடுக்கவேண்டும். புதியதைப் புதிய வாஷருடன் முதலில் கையாலேயே திருகி, பின் அளவாக இறுக்குக. எந்திரத்தின் அலுமினியப் புரி மென்மையானது, முரட்டு வலிமையைப் பொறாது. கூலன்டை நிரப்பிய பின் உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றுதல் இன்றியமையாதது. சென்சாரின் முனையில் நீருக்குப் பதில் காற்று நிற்பின் புதியதும் பிழையே கூறும். இறுதியில் குறியை அழித்து, வண்டியை ஓட்டி, மறுநாட் காலையிலும் கிளப்பிப் பார்த்த பின்னரே வேலை முடிந்தது எனலாம்.

இதற்கெல்லாம் ஒரு மல்டிமீட்டரும், சிறிது பொறுமையும், பௌதிக வகுப்பிற் கற்ற ஓம் விதியும் போதும். சோதியாமல் பாகங்களை மாற்றிக்கொண்டே போகும் தொழிலாளி தன் அறியாமைக்குரிய விலையை வண்டிக்காரனிடம் பெறுகின்றான். சோதித்து அறிபவனோ, பல வேளைகளில் களிம்பேறிய கனெக்டரைத் துடைத்தே பழுதை நீக்கி, ஏழையின் பணத்தையும் காக்கின்றான். ஓசூர் ஆலைகளுக்கும் ஒர்க்‌ஷாப்புகளுக்கும் செல்லவிருக்கும் நம் மாணாக்கர், சாட்சியை விசாரியாது தீர்ப்பளிக்காத இப்பழக்கத்தைத் தம் கைத்தொழிலோடு உடன்கொண்டு செல்வாராக.