தடுப்பூசிக்குச் சூடும் ஆகாது, உறைபனியும் ஆகாது

2023 மார்ச் மாதம் ஜொகூரில் ஏறிய வெள்ளத்தை லாபிஸ், சிகாமட் வட்டார மாணவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வெள்ளம் ஏறும் இடங்களில் பாதுகாப்புக்காக மின்சாரத்தைத் துண்டிப்பார்கள். வீட்டு ஐஸ்பெட்டியில் மீனும் பாலும் கெட்டால் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், கிளினிக்கில் உள்ள தடுப்பூசி மருந்து கெட்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? அதில் நாற்றம் வராது. பெரும்பாலும் நிறமும் மாறாது. அந்த ஊசியைப் போட்டுக்கொண்ட குழந்தைக்குப் பாதுகாப்புக் கிடைத்துவிட்டதாகப் பெற்றோர் நம்பியிருப்பார்கள். நோய் வந்த பிறகுதான் உண்மை தெரியும். மருத்துவமனையில் மருந்துகளைப் பராமரிப்பது தனி அறிவியலாக இருப்பதற்கு இதுவே காரணம்.

பெரும்பாலான தடுப்பூசிகளை 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைக்க வேண்டும். ஏன் இந்தக் குறுகிய எல்லை? வெப்பநிலை உயர்ந்தால் வினையின் வேகமும் உயரும் என்று படிவம் 4 வேதியியலில் படிக்கிறோம். மருந்து சிதைவதும் ஒரு வேதிவினைதான். சூடு கூடக் கூட அதன் வீரியம் விரைவாகக் குறையும்.

அப்படியானால் உறைய வைத்துவிடலாமே என்று கேட்கலாம். எல்லா மருந்துக்கும் அது பொருந்தாது. கல்லீரல் அழற்சி பி, டெட்டனஸ் போன்ற தடுப்பூசிகளில் எதிர்ப்புச் சக்தியைத் தூண்ட அலுமினிய உப்பு சேர்க்கப்பட்டிருக்கும். மருந்து உறைந்தால் அந்த உப்பின் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். பிறகு உருக வைத்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. மாறாக, 2021 பிப்ரவரி 21-ஆம் தேதி மலேசியாவுக்கு வந்த பைசர் கோவிட்-19 தடுப்பூசியைச் சுமார் மைனஸ் 70 பாகையில் காக்க வேண்டியிருந்தது. மருந்துக்கு மருந்து விதி வேறு.

மின்சாரம் போனால் என்ன செய்வது? ஐஸ் கட்டிகளோடு குளிர்காப்புப் பெட்டிக்கு மாற்றுவார்கள். இங்கே உள்ளுறை வெப்பம் உதவுகிறது. ஒரு கிலோ ஐஸ் 0 பாகையில் உருக 334 கிலோஜூல் வெப்பம் தேவை. ஒரு கிலோ நீர் ஒரு பாகை சூடாக 4.2 கிலோஜூல் போதும். அதாவது, ஒரு கிலோ ஐஸை உருக்கும் வெப்பம், அதே அளவு நீரை ஏறக்குறைய 80 பாகை சூடாக்கிவிடும். அவ்வளவு வெப்பத்தையும் ஐஸ் வாங்கிக்கொள்வதால் பெட்டி நெடுநேரம் குளிர்ச்சியாக இருக்கிறது.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. உறைபெட்டியிலிருந்து எடுத்த ஐஸ் பொதி மைனஸ் 20 பாகை வரை குளிர்ந்திருக்கலாம். அதை உடனே வைத்தால் மருந்து உறைந்துவிடும். ஆகவே, குலுக்கினால் உள்ளே நீர் அசையும் ஓசை கேட்கும்வரை அதை வெளியே வைத்திருப்பார்கள். ஐஸும் நீரும் கலந்திருக்கும்போது வெப்பநிலை 0 பாகையில் நிற்கும்.

சூடுபட்டதைக் கண்ணால் காணவும் ஒரு வழி பிறந்தது. 1996-இல் போலியோ சொட்டுமருந்துக் குப்பிகளில் ஒரு சிறு முத்திரை ஒட்டப்பட்டது. வட்டத்துக்குள் வெளிர்நிறச் சதுரம். சூடு படப்பட அந்தச் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் மருந்தைப் பயன்படுத்தக் கூடாது. மீண்டும் குளிரில் வைத்தாலும் நிறம் திரும்பாது. ஆனால், உறைந்துபோனதை இந்த முத்திரை காட்டாது. அதனால்தான் தாதியர் குளிர்பெட்டியின் வெப்பமானியை நாள்தோறும் பார்த்துக் குறித்து வைக்கிறார்கள்.

குளிர் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். ஒரு கிளினிக்கில் நாளுக்கு 10 குப்பி செலவாகிறது, புதிய சரக்கு வர 14 நாள் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். 140 குப்பி தேவை. வெள்ளத்தில் சாலை அடைபட்டால்? ஒரு வாரத்துக்கு 70 குப்பி கூடுதலாக வேண்டும். ஆகவே கையிருப்பு 210-ஐத் தொடும்போதே புதிய சரக்கு கேட்க வேண்டும். அளவுக்கு மீறி வாங்கினாலோ காலாவதியாகி வீணாகும். அலமாரியில், முதலில் வந்தது அல்ல, முதலில் காலாவதியாவதே முன்வரிசையில் நிற்க வேண்டும்.

தமிழ்நாடு இதை மாநில அளவில் செய்து காட்டியது. 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மொத்தமாக வாங்கி, மாதிரிகளை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து வழங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்கைப்போல ஒரு பாஸ்புத்தகம் உண்டு. எடுத்த மருந்தும் மீதமுள்ள ஒதுக்கீடும் அதில் பதிவாகும்.

மாணவர்களே, உங்கள் வீட்டில் பாட்டியோ தாத்தாவோ இன்சுலின் போடுகிறார்களா? இன்றே ஐஸ்பெட்டியைத் திறந்து பாருங்கள். திறக்காத இன்சுலின், கதவுத் தட்டிலும் இருக்கக் கூடாது, உறைபெட்டியிலும் இருக்கக் கூடாது. கதவு திறக்கும்போதெல்லாம் அங்கே சூடு ஏறும். உறைபெட்டியில் மருந்து உறைந்து கெடும். நடுத்தட்டே ஏற்ற இடம். காலாவதித் தேதியையும் பாருங்கள். அடுத்த மழைக்காலத்தில் வெள்ளப் பையைக் கட்டும்போது, அடையாள அட்டையோடு அந்த மருந்தையும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.