நாலு தாள் இடைவெளி

அம்பாசிடர் ஓடிய காலத்து மெக்கானிக்குகள் பானெட்டைத் திறந்ததும் ஸ்பேனரைத் தேட மாட்டார்கள். இன்ஜினை ஓடவிட்டு, தலையைச் சாய்த்துக் காது கொடுப்பார்கள். தையல் மெஷின்போல் சீரான டக்டக் கேட்டால், "டேப்பெட் லேசாப் பேசுது, பயமில்ல" என்பார்கள். அந்தச் சத்தம் அறவே இல்லாமல் போனால்தான் அவர்கள் முகம் மாறும். சத்தம் போடும் இன்ஜினுக்குப் பயப்படாமல் அமைதியான இன்ஜினுக்கு ஏன் பயந்தார்கள்? அதன் பின்னால் நல்ல அறிவியல் இருக்கிறது.

அம்பாசிடரில் இருந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் 'பி சீரிஸ்' குடும்பத்தைச் சேர்ந்தது. அதே குடும்பத்தின் 1798 சிசி இன்ஜின்தான் எம்ஜிபி என்ற புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரில் உட்கார்ந்தது. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே உள்ள ஆபிங்டன் நகரில், 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் அதிகமான எம்ஜிபி கார்கள் தயாராயின. அவற்றை இன்றும் போற்றி ஓட்டுபவர்கள், வீட்டு வாசலில் தங்கள் கையாலேயே செய்துகொள்ளும் வேலைகளில் ஒன்று டேப்பெட் செட்டிங்.

ஏற்றம் இறைக்கும் இரும்பு

இன்ஜினின் பக்கவாட்டில், கீழே சுழல்கிறது கேம் ஷாஃப்ட். அதன் முட்டை வடிவ மேடு டேப்பெட்டை மேலே தள்ளும். டேப்பெட் ஒரு நீண்ட கம்பியைத் தள்ளும். அதுதான் புஷ் ராடு. உச்சியில் இருக்கும் ராக்கரைக் கிணற்று ஏற்றத்தோடு ஒப்பிடலாம். ஒரு முனை மேலே போனால் மறுமுனை கீழே இறங்கி வால்வை அமுக்கித் திறக்கும். மேடு விலகியதும் ஸ்பிரிங் வால்வை இழுத்து மூடிவிடும். இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது, ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை இப்படித் திறந்து மூடுகிறது.

வால்வு மூடியிருக்கும்போது ராக்கர் முனைக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி இருந்தாக வேண்டும். அதை அளந்து சரிசெய்வதுதான் டேப்பெட் செட்டிங். குளிர்ந்த எம்ஜிபி இன்ஜினில் அது 0.015 அங்குலம், அதாவது 0.38 மில்லிமீட்டர். நாம் அச்சிடப் பயன்படுத்தும் சாதாரணத் தாள்கள் நாலை அடுக்கினால் ஏறக்குறைய அந்தக் கனம் வரும்.

இந்த இடைவெளி வெப்பத்துக்காக விடப்பட்டது. 10 சென்டிமீட்டர் எஃகுக் கம்பியை 100 டிகிரி சூடாக்கினால் சுமார் 0.12 மில்லிமீட்டர் நீளும். இன்ஜினுக்குள் எரியும் வாயு 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வால்வின் தலை 700 டிகிரிக்கு மேல் கொதிக்கும். வால்வும் புஷ் ராடும் நீளும். அவற்றைத் தாங்கும் வார்ப்பிரும்பு உடலும் வளரும். ஆனால் எல்லாம் ஒரே அளவில் வளர்வதில்லை. அந்த வேறுபாட்டுக்கு இடம் கொடுக்கத்தான் நாலு தாள் கனம்.

அமைதியின் ஆபத்து

இடைவெளி கூடிப்போனால் ராக்கர் வால்வைத் தொடும்முன் வெறுமனே பயணம் செய்து, பிறகு சுத்தியல்போல் அடிக்கும். சத்தம் வரும். வால்வு சற்றுத் தாமதமாகத் திறக்கும், சற்றுக் குறைவாகத் திறக்கும். இழுவை குறையும், முனைகள் தேயும்.

இடைவெளி குறைந்துபோனால் சத்தமே வராது. ஆனால் சூடேறி நீண்ட வால்வு தன் இருக்கையில் முழுதாக உட்காராது. இருக்கையில் உட்காரும் நேரம்தான் வால்வுக்கு இளைப்பாறும் நேரம். எம்ஜிபியின் எக்ஸாஸ்ட் வால்வு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம் திறந்திருக்கும். மீதி நேரம் இருக்கையோடு ஒட்டியிருந்து தன் சூட்டில் பெரும்பகுதியை அதற்குக் கடத்திவிடும். தண்ணீர் ஓடும் சிலிண்டர் ஹெட் அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும். அந்தத் தொடுகை அறுந்தால் சூடு போக வழியில்லை. மூடாத சந்து வழியாக நெருப்பு பீறிட, வால்வின் விளிம்பு உருகிப் பள்ளம் விழும். அதற்குப் பிறகு ஹெட்டைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. அம்பாசிடர் மெக்கானிக்கின் முகம் மாறியது இதனால்தான்.

ஒன்பதின் கணக்கு

நான்கு சிலிண்டர், எட்டு வால்வு. எந்த வால்வை எப்போது அளப்பது? கேம் மேடு முழுதாக விலகிய நேரத்தில்தான் அளவு சரியாக இருக்கும். இதற்கு அழகான வழி ஒன்று உண்டு. முன்னாலிருந்து வால்வுகளுக்கு 1 முதல் 8 வரை எண் கொடுங்கள். முதல் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது எட்டாவதை அளக்கலாம். மூன்றாவது திறந்திருந்தால் ஆறாவதை. திறந்திருப்பதும் அளப்பதும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்.

இந்த இன்ஜினில் பெட்ரோல் எரியும் வரிசை 1-3-4-2. இந்த வரிசையில் ஒன்றாம் சிலிண்டரும் நான்காம் சிலிண்டரும் எதிரெதிர் நிலையில் இருக்கும்; இரண்டும் மூன்றும் அப்படியே. வால்வுகளும் நடுவிலிருந்து இருபுறமும் கண்ணாடிப் பிம்பம்போல் அடுக்கப்பட்டவை. அதனால் ஒரு வால்வின் கேம் மேடு உச்சியில் இருக்கும்போது, அதன் ஜோடி வால்வின் மேடு சரியாக அரைச்சுற்று தள்ளி நிற்கும். எட்டையும் முடிக்க கிராங்கை இரண்டு சுற்று சுற்றினால் போதும்.

விரல் தரும் தீர்ப்பு

ராத்திரி முழுக்க ஆறிய இன்ஜினில் வேலையைத் தொடங்க வேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டால் இன்ஜின் கையால் சுற்ற வரும். ராக்கர் கவரைத் தூக்கினால் எண்ணெய் மினுங்கும் எட்டு ராக்கர்கள் வரிசையாகத் தெரியும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜில் 15 என்று குறித்த, அதாவது 0.015 அங்குலத் தகட்டைச் சந்தில் நுழைத்து இழுக்க வேண்டும். புத்தகத்தை மூடி வைத்து, உள்ளே சிக்கிய தாளை உருவுவதுபோல் லேசான பிடிப்பு தெரிய வேண்டும். வழுக்கி ஓடினால் தளர்வு. இறுகி நின்றால் இறுக்கம். லாக் நட்டைத் தளர்த்தி, நடு ஸ்க்ரூவைத் திருப்பிச் சரிசெய்து, ஸ்க்ரூவை அசையாமல் பிடித்தபடி நட்டை இறுக்க வேண்டும். இறுக்கும்போது அளவு நழுவும் என்பதால் தகட்டை மறுபடி விட்டுப் பார்ப்பது கட்டாயம்.

பழைய இன்ஜினில் இன்னொரு சூது உண்டு. பல ஆண்டு அடித்து அடித்து, ராக்கர் முனையில் வால்வுத் தண்டின் அகலத்துக்கு ஒரு குழி விழுந்திருக்கும். தட்டையான தகடு குழிக்குள் இறங்காது. அதன் இரு கரைகளிலும் பாலம்போல் படுத்துக்கொள்ளும். தகடு சரி என்று சொல்லும், உண்மை இடைவெளியோ கூடுதலாக இருக்கும். எவ்வளவு செட் செய்தாலும் சத்தம் போகவில்லை என்றால், விரல் நுனியால் அந்த முனையைத் தடவிப் பார்க்க வேண்டும்.

ஈயம் போன பிறகு

1921இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர் தாமஸ் மிட்க்லி, பெட்ரோலில் ஈயச் சேர்மம் கலந்தால் இன்ஜின் தட்டாது என்று கண்டார். அந்த ஈயம் கேட்காத உதவி ஒன்றையும் செய்தது. எரிந்தபின் வால்வு இருக்கையில் மெல்லிய படலமாகப் படிந்து, இரும்போடு இரும்பு உரசாமல் காத்தது. ஆனால் அதே ஈயம் காற்றில் கலந்து குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்தது. பிரிட்டனும் இந்தியாவும் 2000ஆம் ஆண்டில் அதற்கு விடைகொடுத்தன. கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. மனிதர்களுக்கு அது மிகப் பெரிய நன்மை.

பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளுக்கு மட்டும் ஒரு சிக்கல் வந்தது. படலம் இல்லாததால், சூட்டில் வால்வும் இருக்கையும் நுண்ணிய புள்ளிகளில் ஒட்டிப் பிய்கின்றன. இருக்கை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய, வால்வு ஹெட்டுக்குள் புதைகிறது. அதன் தண்டு ராக்கரை நோக்கி உயர்கிறது. இடைவெளி சத்தமில்லாமல் சுருங்குகிறது. கெட்டிப்படுத்திய எஃகு வளையத்தை இருக்கையில் பதிப்பதே நிரந்தரத் தீர்வு.

ஆகவே எம்ஜிபி வைத்திருப்பவர், சரிசெய்வதற்கு முன் எட்டு அளவுகளையும் ஒரு நோட்டில் எழுதிவைப்பது நல்லது. ஒவ்வொரு முறையும் எக்ஸாஸ்ட் வால்வின் இடைவெளியே குறைந்துகொண்டு வந்தால், ஹெட்டைக் கழற்றாமலேயே உள்ளே நடப்பது தெரிந்துவிடும்.

நம் தெருவில் ஓடும் பைக்குகள் பலவற்றிலும் ஸ்க்ரூ வைத்த டேப்பெட்தான் இருக்கிறது. அடுத்த சர்வீஸுக்கு வண்டியைக் காலையில் ஓட்டிக்கொண்டு போய், சூட்டோடு டேப்பெட் பார்க்கச் சொல்லாதீர்கள். முதல் நாள் மாலையே விட்டுவிட்டு வாருங்கள். மறுநாள் காலை, ஆறிய இரும்பு சரியான அளவைச் சொல்லும்.