கடைசி அறைக்கும் வைஃபை: இரண்டாவது ரவுட்டரை இணைக்கும் முறை

டில்லியில் நம்மவர் வீடுகளில் ஃபைபர் இன்டர்நெட் பெட்டி பெரும்பாலும் வாசல் பக்கமோ பால்கனி ஓரமோதான் இருக்கிறது. ஃபைபர் உள்ளே நுழையும் இடம் அது. இரண்டு மூன்று செங்கல் சுவர்களைத் தாண்டிப் பின்பக்கத்துப் படுக்கையறைக்குப் போவதற்குள் வைஃபை வலுவிழந்துவிடுகிறது. பேரனின் முகம் திரையில் உறைந்து நிற்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் மொபைல் சிக்னல் எட்டாத அறையில் நோயாளி ஒருவர் படுத்திருந்தால், வைஃபை வழியாகப் பேசும் போன்தான் அவருக்குத் துணை. மத்திய அரசுப் பென்ஷன்தாரர்கள் 2021 நவம்பர் முதல் லைஃப் சர்டிபிகேட்டையும் மொபைலில் முகம் காட்டியே கொடுக்க முடிகிறது.

இதற்குப் பழைய பெட்டியைத் தூக்கி எறிய வேண்டாம், எறியவும் கூடாது. ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றுவது அதுதான். பல வீடுகளில் லேண்ட்லைன் போனும் அதில்தான் செருகியிருக்கிறது. அதற்குத் துணையாக இன்னொரு ரவுட்டரைப் பின் அறையில் வைத்தால் போதும்.

ஒரு தத்துவத்தை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். வீட்டிலுள்ள ஒவ்வொரு மொபைலுக்கும் டி.வி.க்கும் ஓர் எண் முகவரி வேண்டும். அதைக் கொடுக்கும் வேலைக்கு டி.எச்.சி.பி. என்று பெயர். புது ரவுட்டரும் அதே வேலையைச் செய்யத் தயாராகத்தான் வரும். ரயில்வேயில் ஒரே பிளாக் செக்ஷனுக்கு இருவர் தனித்தனியாக லைன் கிளியர் கொடுத்தால் என்ன ஆகும்? இங்கே உயிர்ச்சேதம் இல்லை. இணைப்புதான் விட்டு விட்டுப் போகும். எனவே முகவரி கொடுப்பவர் ஒருவரே இருக்கட்டும்.

செய்முறை:

1. பழைய பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அதன் முகவரியைப் பாருங்கள். உதாரணமாக, 192.168.1.1.

2. புது ரவுட்டரை மட்டும் கம்ப்யூட்டருடன் கேபிளால் இணைத்து, அதன் அமைப்புப் பக்கத்தைத் திறவுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் பழையதைப் போலவே இருக்கட்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சேனல் மட்டும் வேறாக இருக்க வேண்டும்: பழையது 1 என்றால் புதியதற்கு 6 அல்லது 11.

3. புது ரவுட்டரின் முகவரியை மாற்றுங்கள். முதல் மூன்று எண்கள் பழைய பெட்டியினுடையவையே. கடைசி எண் மட்டும் வேறு. பழைய பெட்டி 100 முதல் 200 வரை பகிர்ந்தால், 192.168.1.250 என்று அந்த எல்லைக்கு வெளியே வையுங்கள்.

4. கடைசியாக, புதியதில் டி.எச்.சி.பி.யை நிறுத்துங்கள். இதை முதலில் செய்தால் கம்ப்யூட்டருக்கு முகவரி கிடைக்காமல் வேலை பாதியில் நிற்கும்.

5. பழைய பெட்டியின் லேன் துளையிலிருந்து புதியதன் லேன் துளைக்கு ஒரு கேபிள். 'வேன்' என்ற துளை காலியாகவே இருக்கட்டும்.

'ஆக்ஸஸ் பாயின்ட்' என்ற வசதி உள்ள ரவுட்டரானால் 3, 4 ஆகியவற்றை அதுவே பார்த்துக்கொள்ளும். கேபிளை எந்தத் துளையில் செருகுவது என்பதை மட்டும் அதன் கையேட்டில் பாருங்கள்.

'வேன்' துளையில் செருகினாலும் இன்டர்நெட் வரக்கூடும். ஆனால் வீட்டுக்குள் இரண்டு தனி வலைகள் உருவாகும். முன் அறைப் பிரின்டருக்குப் பின் அறை மொபைல் தெரியாமல் போகலாம்.

கேபிள் 'கேட் 5இ' ரகமாக இருக்கட்டும். 100 மீட்டர் வரை தாங்கும்; நம் வீட்டுக்கு 15 மீட்டரே தாராளம். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே ஒரே கேபிள்தான். இரண்டு போட்டால் தகவல்கள் சுற்றிச் சுற்றி வந்து மொத்த வலையும் முடங்கிவிடும்.

பழைய பெட்டியின் ரீசெட் பொத்தானைத் தொடாதீர்கள். கம்பெனியின் அமைப்புகள் அழிந்து, அவர்கள் ஆள் வரும்வரை காத்திருக்க நேரும். ஃபைபர் வயரை இறுக்கி மடிக்காதீர்கள். உள்ளே கண்ணாடி இழை.

இரண்டு பெட்டிகளையும் இன்வர்ட்டர் லைனில் சேருங்கள். ஒன்று மட்டும் உயிரோடிருந்து பயனில்லை. முகவரிகளையும் பாஸ்வேர்டையும் ஒரு நோட்டில் எழுதி, அது இருக்குமிடத்தை வீட்டிலுள்ளவர்களுக்கும் சொல்லிவையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாதபோதும் அந்தக் கடைசி அறையிலிருந்து போன் போக வேண்டும் அல்லவா?