கணைய அறுவைக்குப் பின் தேங்கும் நீர்: இரைப்பை வழியே ஒரு வடிகால்

இரைப்பைக்கும் முதுகெலும்புக்கும் இடையே குறுக்காக அமைந்துள்ள கணையம், இன்சுலினைச் சுரப்பதோடு, புரதத்தையும் கொழுப்பையும் மாவுச்சத்தையும் செரிக்கும் நொதிகள் நிறைந்த நீரை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் சுரந்து சிறுகுடலுக்கு அனுப்புகிறது. கட்டியின் காரணமாக இவ்வுறுப்பின் ஒரு பகுதியை அகற்றும்போது, வெட்டுமுனையை எவ்வளவு கவனமாகத் தைத்து மூடினாலும், மென்மையான கணையத் திசு தையலை உறுதியாகத் தாங்குவதில்லை என்பதால், நீர் கசிந்து வயிற்றினுள் தேங்க நேர்கிறது. இதை மருத்துவரின் கைப்பிழையாகவே நோயாளியின் குடும்பத்தார் கருதிவிடுவது முறையன்று. கணையத்தின் வால் பகுதியை அகற்றும் அறுவையில், தேர்ந்த மையங்களிலும் இக்கசிவு அடிக்கடி காணப்படுவதே.

அறுவைக்குப் பின் மூன்றாம் நாளிலோ அதற்குப் பிறகோ, அறுவையின்போது வைக்கப்பட்ட வடிகுழாயில் வரும் நீரில் அமைலேஸ் என்னும் நொதி, இரத்தத்தில் இருக்கத்தக்க மேல்வரம்பைப் போல் மூன்று மடங்கைக் கடந்திருந்தால் கசிவு உறுதியாகிறது. ஆயினும், நோயாளியின் நிலையைப் பாதிக்காத வெறும் கசிவைச் சிக்கலாகக் கணக்கிட வேண்டியதில்லை என்று கணைய அறுவைக்கான பன்னாட்டு ஆய்வுக் குழு 2016இல் வரையறுத்தது. சிறு தேக்கங்கள் பல தாமாகவே வற்றிவிடுகின்றன. காய்ச்சல், வலி, இரைப்பை அழுத்தப்படுவதால் வரும் வாந்தி ஆகியவை தோன்றும்போதுதான் நீரை வெளியேற்றுவது இன்றியமையாததாகிறது. ஏனெனில் கிருமி தொற்றிய கணைய நீர் அருகிலுள்ள தமனியின் சுவரை அரித்து, உயிருக்கே ஆபத்தான இரத்தப்போக்கை உண்டாக்கக்கூடும்.

ஸ்கேன் உதவியுடன் தோல் வழியே குழாய் செலுத்தி வடிப்பது நெடுங்காலமாக உள்ள முறை. எங்கும் செய்யத்தக்கது, அவசரத்துக்கு ஏற்றது. ஆனால் நோயாளி வாரக்கணக்கில் நீர் சேரும் பையைச் சுமக்க வேண்டியிருப்பதும், நொதிபட்டுக் குழாயைச் சுற்றியுள்ள தோல் புண்ணாவதும், குழாய் எடுத்த பின்னும் கசிவு ஆறாமல் நிலைப்பதும் அதன் குறைகளாகும். எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட் முறையோ அந்நீரை உடலுக்கு வெளியே கொண்டுவராமல், அது சேரவேண்டிய செரிமானப் பாதைக்கே திருப்பிவிடுகிறது; இம்முறையின் உண்மையான சிறப்பு இதுவே.

முனையில் நுண்ணிய அல்ட்ராசவுண்ட் கருவி பொருத்திய எண்டோஸ்கோப், மயக்கநிலையிலுள்ள நோயாளியின் வாய் வழியே இரைப்பைக்குள் செலுத்தப்படுகிறது. கண்ணுக்குத் தெரியாத சுவரின் மறுபுறத்தை அக்கருவி திரையில் காட்டுவதால், தேக்கம் இரைப்பைச் சுவரிலிருந்து ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டருக்குள் உள்ளதா என்று மருத்துவர் அளந்தறிந்து, இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் உதவியால் இடையிலுள்ள இரத்தக் குழாய்களைத் தவிர்த்து ஊசியைச் செலுத்துகிறார். ஊசி வழியே மெல்லிய கம்பியை உள்ளே விட்டு, அது சென்ற தடத்தை விரித்து, இரு முனைகளும் பன்றிவால் போல் சுருண்ட பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்னும் சிறு குழாய்களையோ, இருபுறமும் அகன்ற விளிம்புகளால் சுவர்களைப் பற்றிக்கொள்ளும் உலோக ஸ்டென்ட்டையோ பொருத்துகிறார். தெளிந்த நீருக்குப் பிளாஸ்டிக்கே பெரும்பாலும் போதுமானது. சீழும் திசுத் துணுக்குகளும் மிகுந்திருந்தால் அகன்ற உலோக ஸ்டென்ட் உதவும்.

எப்போது செய்வது என்பதே இதில் கடினமான முடிவு. கணைய அழற்சியில் உண்டாகும் நீர்த்தேக்கத்துக்கு உறுதியான சுவர் உருவாக நான்கு வாரங்கள் காத்திருப்பது வழக்கம். அறுவைக்குப் பின் வரும் தேக்கமோ வெட்டுமுனையை ஒட்டி இரைப்பையின் பின்னால் அமைவதால், தொற்று முற்றிய நோயாளிகளுக்கு அனுபவமிக்க மையங்களில் அதற்கு முன்னரே வடிக்கின்றனர். இரைப்பைக்கு எட்டாத தேக்கத்துக்கு இம்முறை பொருந்தாது. அங்கே தோல் வழிக் குழாயே துணை. இரத்தப்போக்கு, சுவர் கிழிதல், ஸ்டென்ட் இடம்பெயர்தல் போன்ற ஆபத்துகளும் இதில் உண்டு.

கணைய அறுவை முடிந்து வீடு திரும்பியவருக்குக் காய்ச்சலோ வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால், மருந்துக்கடை மாத்திரையோடு நாட்களைக் கடத்தாமல் அறுவை செய்த மருத்துவரிடமே உடனே செல்ல வேண்டும். உலோக ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்கள், நீண்டநாள் உள்ளே விடப்பட்டால் அது இரத்தக் குழாயை அரிக்கக்கூடும் என்பதால், பொதுவாக மூன்று நான்கு வாரங்களில் குறிக்கப்படும் அதை அகற்றும் தேதியைத் தவறவிடவே கூடாது.