உப்புக் காற்றில் ஆபீஸ் கட்டுவோர் கவனத்திற்கு

கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி, நம் மரக்காணம் வட்டாரத்தில் கடைக்கு மேல் மாடி எடுத்து ஆபீஸ் போடுவோர் பெருகி வருகிறார்கள். வளர்ச்சி நல்லதுதான். ஆனால் முன்பக்கம் முழுவதும் கண்ணாடி, உள்ளே ஏ.சி. என்றே பலரும் பிளான் கேட்கிறோம். கட்டும் செலவு ஒரு தடவையோடு முடியும். மின்கட்டணம் கடை உள்ள வரைக்கும் வரும். கிலோவுக்குக் காசுக் கணக்கில் லாபம் பார்க்கும் நாம் அதை வெயிலுக்குக் கொடுக்கலாமா?

கண்ணாடி வெயிலை உள்ளே விடும். உள்ளே சேர்ந்த சூட்டை எளிதில் வெளியே விடாது. குளிர் நாட்டாருக்கு அது வரம், நமக்குத் தண்டச் செலவு.

மாற்று வழியைப் பார்க்க வெகுதூரம் போக வேண்டாம். சுமார் 35 கி.மீ. தள்ளிப் புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா விடுதி இருக்கிறது. அந்தோனின் ரேமண்ட் வரைந்த பிளானை ஜார்ஜ் நகாஷிமா உடனிருந்து கட்ட, 1930களில் தொடங்கிய வேலை 1940களில் முடிந்தது. அதன் நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கின்றன. அவற்றில் மேலிருந்து கீழ்வரை திறந்து மூடும் அகலப் பட்டைகள். வெயிலும் மழையும் தடுக்கப்படும், காற்று நுழையும். மாடித் தளத்தின் மேல் வளைந்த கான்கிரீட் ஓடுகள், இடையில் காற்று ஓட இடைவெளி. ஏ.சி. இல்லாமலே அறைகள் குளுமையாக இருக்கின்றன. கொண்டி, கைப்பிடிகள் உப்புக் காற்றுக்குத் தாங்கும் பித்தளை.

அது தங்கும் விடுதிதானே என்பவர்களுக்கு ஐதராபாத்தில் ஓர் ஆபீசும் உண்டு. இந்தியத் தொழில் கூட்டமைப்பின் கோத்ரெஜ் பசுமை வணிக மையத்தை 2004இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் திறந்து வைத்தார். நடுவில் முற்றம், கூரையில் புல்வெளி, பகலில் விளக்கு தேவைப்படாத வெளிச்சம். இரண்டு காற்றுக் கோபுரங்கள் வெளிக்காற்றைக் குளிர்வித்து ஏ.சி.யின் சுமையைக் குறைக்கின்றன. நம் பழைய முற்றத்து வீடுகளின் யுக்திதான் இது!

இனி நம் மண்ணுக்கு வேண்டியதைப் பார்ப்போம். முதலாவது, கம்பி. உப்புக் காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருவாக்கும். கடலோரக் கட்டடத்துக்கு இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வது எம்30 தரக் கான்கிரீட், கம்பிக்கு வெளியே 45 மி.மீ. கனம். உப்பு நீரிலும் கடல் மணலிலும் கலவை போட விடாதீர்கள். சீக்கிரம் இடிக்க வேண்டிய கட்டடம் எவ்வளவு குளுமையாக இருந்தும் பயனில்லை.

இரண்டாவது, குடோன். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு நீர் உறிஞ்சிக் கசியும். எனவே உப்பு மூட்டைகளுக்குத் தனி அறை, அடியில் பலகை, இறுக மூடும் கதவு வேண்டும். அரிசி, பருப்பு வைக்கும் அறைக்கோ எதிரெதிர் ஜன்னல்கள் வேண்டும்.

மூன்றாவது, மழைநீர். தமிழ்நாட்டில் 2003 முதல் சேகரிப்பு கட்டாயமானது. நம் பகுதியில் நிலத்தடி நீர் உவர்ப்பு என்பதால் தொட்டியில் பிடிப்பதே லாபம். 1,000 சதுர அடி மாடியில் 1 செ.மீ. மழை பெய்தால் சுமார் 900 லிட்டர்!

நான்காவது, புயல். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்ததை மறக்க முடியுமா? தரை மட்டத்தை உயர்த்துங்கள். சூரிய மின் பலகை வைப்பவர்கள் துருப்பிடிக்காத சட்டத்தில், தளத்தோடு இறுக்கி வையுங்கள்.

ஏ.சி.யே கூடாது என்பதல்ல நம் வாதம். கணக்குப்பிள்ளை கம்ப்யூட்டரோடு உட்காரும் ஓர் அறைக்குப் போதும். அதையும் 24 டிகிரிக்குக் குறைக்க வேண்டாம். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சமாகும்.

கொத்தனாரிடம் முன்பணம் கொடுக்குமுன், மனையில் பகல் மூன்று மணிக்கு நின்று வெயில் எங்கே விழுகிறது, காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். காகிதத்தில் ஜன்னலை இடம் மாற்ற ஒரு ரப்பர் போதும். கட்டிய சுவரில் மாற்ற ஒரு மாத லாபம் போய்விடும்.